ஓர் ஆட்டுக்காகவா போனார்? பூமிநாதன் நினைவாகச் சில அனுபவங்கள்

ஓய்வுபெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர், தஞ்சாவூர் மாவட்டம்:

திருச்சி மாவட்டம் நவல்பட்டு காவல் நிலையத்தின் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், 2021 நவம்பர் 21 ஆம் தேதி அதிகாலையில் பணியில் இருந்தபோது வெட்டிக் கொல்லப்பட்டார். இரவு ரோந்தில் இருந்தவர், இருசக்கர வாகனத்தில் ஆடு திருடிக்கொண்டு போனவர்களைக் கண்டு விரட்டியிருக்கிறார். மாவட்ட எல்லையையும் தாண்டி, புதுக்கோட்டை மாவட்டம் கீரனூருக்கு அருகில் பள்ளத்துப்பட்டியில் அவர்களை மடக்கியிருக்கிறார். அங்கேதான் அரிவாள் வெட்டு விழுந்தது. அடுத்த ஓரிரு நாளில் கைதானவர்களில் ஒருவருக்கு வயது 19. மற்ற இருவரும் சிறுவர்கள். சோழமாதேவியில் அரசு மரியாதையுடன் அடக்கம் நடந்தது.

நான் அவருடன் பணியாற்றியவன் அல்லன். ஆனாலும் அந்த நவம்பரில் திருமண வீட்டிலும் துக்க வீட்டிலும் பேருந்திலும் என்னைக் காவல்துறைக்காரன் என்று அறிந்தவர்கள் கேட்டது ஒரே கேள்விதான். "ஓர் ஆட்டுக்காகவா இவ்வளவு தூரம் போனார்?" கேட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, அவர்மீது இரக்கப்பட்டுத்தான் கேட்டார்கள். அந்தக் கேள்வி என் தொண்டையில் இன்னும் நிற்பதால்தான் இதைத் தொடங்குகிறேன். இரவு ரோந்தில் இருந்தவர்களும், இரவு ரோந்தால் பயன்பெற்றவர்களும், அந்தப் பகுதியை அறிந்தவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

2004 ஆம் ஆண்டு என்று நினைவு. அப்போது நான் தலைமைக் காவலர். காவிரியிலிருந்து பிரியும் வாய்க்கால் ஒன்றின் கரைச்சாலையில், அதிகாலை இரண்டரை மணியளவில், விளக்கை அணைத்துக்கொண்டு ஒரு டி.வி.எஸ். 50 வந்தது. வண்டியில் இரண்டு பேர். முன்னால் கால் வைக்கும் இடத்தில் ஒரு சாக்கு. நிறுத்தி டார்ச் அடித்தேன். உரம் வாங்கிவருவதாகச் சொன்னார்கள். உர மூட்டை அசையாது. அந்தச் சாக்கு அசைந்தது. பிரித்துப் பார்த்தால், கிழிந்த லுங்கித் துணியால் வாயைக் கட்டிய ஒரு செவலை ஆடு. டார்ச் வெளிச்சத்தில் அதன் கண்கள் இரண்டும் பச்சையாக மின்னின.

நான் குனிந்தபடி சாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குனியக் கூடாது என்பது பயிற்சிப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்த பாடம். பின்னால் உட்கார்ந்திருந்த இளைஞனின் வலது கை இடுப்புக்குப் பின்புறம் போவது ஓரக்கண்ணில் தெரிந்தது. அந்த நேரத்தில், சிறுநீர் கழிக்க ஒதுங்கியிருந்த என்னுடைய காவலர் இருட்டுக்குள்ளிருந்து பலமாக இருமினார். அவருக்கு ஆஸ்துமா, இருமுவது அவர் வழக்கம். இடுப்புக்குப் போன கை முன்னால் வந்தபோது அதில் ஒரு பீடிக்கட்டு இருந்தது. இருவரையும் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். மறுநாள் பகலில் அந்த இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தேன். வண்டி நின்ற இடத்திலிருந்து நாலடி தூரத்தில், நாணல் புதருக்குள், பிடியில் சைக்கிள் டியூப் சுற்றிய ஓர் அரிவாள் கிடந்தது. அது அவர்களுடையதுதானா என்பதை என்னால் நிரூபிக்க முடியவில்லை. அந்த இருமல் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் நிரூபிக்க முடியாது. பூமிநாதனுக்கு அந்த நேரத்தில் பக்கத்தில் இரும ஆளில்லை. எங்களுக்கிடையே இருந்த வேறுபாடு அவ்வளவுதான் என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சிறப்பு உதவி ஆய்வாளர் என்பது நேரடித் தேர்வில் கிடைக்கும் பதவி அன்று. எங்கள் காலத்தில், இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, 10 ஆண்டில் முதல்நிலைக் காவலராகி, 15 ஆண்டில் தலைமைக் காவலராகி, 25 ஆண்டு முடிந்தபின் கிடைத்தது. ஆகவே அந்தப் பட்டையைப் போட்டிருப்பவர் யாராக இருந்தாலும் அவருக்கு முழங்கால் வலி இருக்கும், வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள், விரட்டாமல் விட்டுவிட ஆயிரம் காரணங்கள் இருக்கும்.

*

ஆசிரியை, குளத்தூர் வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்:

ஐயா எழுப்பிய கேள்விக்கு ஆடு வளர்த்த வீட்டின் சார்பில் பதில் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். என் அப்பா, அம்மா இருவரும் வெள்ளாடு வளர்த்துத்தான் என்னையும் தம்பியையும் படிக்கவைத்தார்கள். எங்கள் பகுதி வானம் பார்த்த பூமி. கிணறு வற்றினால் விவசாயம் நின்றுவிடும், ஆடு நிற்காது. கல்விக் கட்டணம் கட்ட வேண்டிய மாதத்தில் ஒரு கிடாய் போகும், மருத்துவமனைச் செலவு வந்தால் இரண்டு போகும். வங்கியில் கணக்கு வைத்திருப்பவர்கள் வைப்புத்தொகை என்று சொல்வதை நாங்கள் பட்டியில் கட்டிவைத்திருந்தோம்.

நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில், ஒரே இரவில் பதினோரு உருப்படிகள் போயின. அவற்றில் நான்கு சினை ஆடுகள். ஒன்று கருப்பருக்கு நேர்ந்துவிட்ட கிடாய். நாய் குரைக்கவில்லை. காலையில் பார்த்தபோது அதுவும் பட்டிக்குப் பின்னால் செத்துக் கிடந்தது. அம்மா அழவில்லை. காலிப் பட்டிக்குள் போய், தாய் இல்லாமல் விடப்பட்ட இரண்டு குட்டிகளையும் மடியில் வைத்துக்கொண்டு மதியம் வரை உட்கார்ந்திருந்தார். நான் கல்லூரியை விட்டுவிடுவதா என்ற பேச்சு அன்றிரவே வீட்டில் எழுந்தது. பதினோரு ஆடு என்றால் அப்போது எங்களுக்கு ஓராண்டு வருமானம்.

அப்பா காவல் நிலையத்துக்குப் போனார். எந்த நிலையம் என்று சொல்ல விரும்பவில்லை. "ஆட்டுக்கு என்னய்யா அடையாளம்? எல்லா ஆடும் ஆடு மாதிரிதான் இருக்கும்" என்றார்கள். மூன்று முறை நடந்தும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதுகூடக் கிடைக்கவில்லை. ஆடு வளர்ப்பவருக்கு எல்லா ஆடும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதை அங்கே யாரும் கேட்கத் தயாராக இல்லை. ஒவ்வொன்றுக்கும் காதுவெட்டு உண்டு. எங்கள் வீட்டு வெட்டு இடக்காதில் கீழ்ப்புறம் பிறை வடிவில் இருக்கும். மறை, புள்ளி, கொம்பு வளைவு, தாடி, நடை என்று அம்மா பதினோரு ஆட்டையும் தனித்தனியாகச் சொல்வார்.

நான்காவது வாரத்தில் பக்கத்து நிலையத்திலிருந்து ஓர் ஏட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். வேறு ஒரு திருட்டு வழக்குக்காக அந்தப் பக்கம் வந்தவர் எங்கள் செய்தியைக் கேள்விப்பட்டு வந்திருக்கிறார். திண்ணையில் உட்கார்ந்து, சின்ன நோட்டை எடுத்து, அம்மா சொல்லச் சொல்லப் பதினோரு அடையாளத்தையும் எழுதினார். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, "தாயி, இந்த மூணாவது ஆட்டுக்கு வலக்கொம்பு நுனி உடைஞ்சதா, இல்ல வளைஞ்சதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் அம்மா அழுதார். ஆடுகளில் ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை. ஆனால் அன்றுமுதல் அந்த ஏட்டு பணிமாறிப் போகும்வரை, வாரத்தில் இரண்டு இரவாவது அவருடைய வண்டிச் சத்தம் எங்கள் ஊர் எல்லையில் கேட்கும். கேட்ட பிறகு அப்பா கட்டிலில் திரும்பிப் படுப்பார்.

2021 நவம்பரில் கீரனூர்ப் பக்கம் ஒரு காவலரை வெட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் அம்மா முதலில் கேட்டது, "நம்ம ஏட்டா?" என்றுதான். இல்லையென்று தெரிந்த பிறகும் அன்று வீட்டில் உலை வைக்கவில்லை. எங்கள் தெருவில் இன்னும் நான்கைந்து ஆட்டுக்கார வீடுகளிலும் அப்படித்தான். ஓர் ஆட்டுக்காகவா போனார் என்று கேட்பவர்கள், ஆட்டை இழந்த ஒரு வீட்டின் முற்றத்தில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தால் அந்தக் கேள்வி தானாகவே வேறு மாதிரி ஆகிவிடும்.

*

பால் வண்டி ஓட்டுநர், கீரனூர்:

சகோதரி எழுதிய அளவுக்கு எனக்கு எழுத வராது. சாலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அது பெரிதாகப் பேசப்படவில்லை.

அந்த நவம்பரில் மழை விடவே இல்லை. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும் ரயில் பாதையில் பல இடங்களில் கேட்டை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை போட்டிருக்கிறார்கள். மழை பெய்தால் அவை குளம்தான். அதே ஆண்டு செப்டம்பரில் துடையூர்ச் சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரில் கார் சிக்கி ஒரு பெண் மருத்துவர் உயிரிழந்தார். அதன்பிறகும் மழைக்காலத்தில் எங்களைப் போன்ற வண்டிக்காரர்கள் எந்தச் சுரங்கத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று ஒருவருக்கொருவர் தொலைபேசியில் கேட்டுக்கொண்டுதான் வண்டியை எடுப்போம். திருடர்கள் போன வழியிலும் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றதால்தான் அவர்களால் மேலே போக முடியவில்லை என்றும், பூமிநாதன் ஐயா அவர்களை அங்கே மடக்க முடிந்தது என்றும் அப்போது செய்தியில் வந்தது. தண்ணீர் இல்லாதிருந்தால் அவர்கள் தப்பியிருப்பார்கள். ஐயாவும் திரும்பி வீட்டுக்குப் போயிருப்பார். இதை நான் பல இரவு யோசித்திருக்கிறேன்.

அன்று காலை நான் வேறு வழியில் சுற்றிக்கொண்டு போனேன். தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்தியபோதுதான் செய்தி தெரிந்தது. கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு ஷட்டரை இறக்கினார். விடியற்காலை நாலு மணிக்குச் சாலையில் இருப்பவர்கள் பால்காரர், மீன்காரர், பூக்காரர், பேப்பர்க்காரர், போலீஸ்காரர், அவ்வளவு பேர்தான். பெயர் தெரியாவிட்டாலும் முகம் தெரியும். ரோந்து வண்டியைப் பார்த்தால் ஹெட்லைட்டை ஒருமுறை தாழ்த்தி உயர்த்துவது எங்கள் வணக்கம். அவர்களும் பதிலுக்கு அடிப்பார்கள்.

*

காவலரின் மனைவி, தூத்துக்குடி மாவட்டம்:

என் கணவரும் இரவு ரோந்து போகிறவர். எங்கள் மாவட்டத்தில் 2020 ஆகஸ்ட் 18 அன்று, தேடப்பட்டு வந்த ஒருவரைப் பிடிக்கச் சென்ற காவலர் சுப்பிரமணியன் நாட்டு வெடிகுண்டு வீச்சில் இறந்தார். ஆறு மாதம்கூட ஆகவில்லை, 2021 பிப்ரவரி முதல் தேதி அதிகாலையில் ஏரல் உதவி ஆய்வாளர் பாலுவைச் சரக்கு வாகனத்தை மோதிக் கொன்றார்கள்; குடித்துவிட்டுத் தகராறு செய்தவரைக் கண்டித்ததுதான் அவர் செய்தது. 2020 ஜனவரி 8 இரவு, கன்னியாகுமரி மாவட்டம் களியக்காவிளை சோதனைச்சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தன. ஆகவே நவல்பட்டுச் செய்தி வந்தபோது எங்கள் குடியிருப்பில் இருந்த பெண்களுக்கு அது திருச்சிச் செய்தியாகப் படவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. என் கணவர் இரவுப் பணி முடித்து வந்து அறைக்குள் உறங்கிக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியில் "ரோந்து சென்ற எஸ்.எஸ்.ஐ. வெட்டிக் கொலை" என்று கீழே எழுத்து ஓடியது, எந்த ஊர் என்று தெரிவதற்குள் ஊரிலிருந்து என் மாமியார் அழைத்துவிட்டார். அவர் எதையும் கேட்கவில்லை. "அவன் செருப்பு வாசல்ல இருக்கா?" என்று மட்டும் கேட்டார். "இருக்கு அத்தை" என்றேன். "சரி, எழுப்பாத, தூங்கட்டும்" என்று வைத்துவிட்டார். அதன்பிறகு அந்தக் காலையில் வந்த அழைப்புகள் பதினேழு. எல்லாருக்கும் செருப்பைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொன்னேன்.

காவலர் வீட்டுப் பெண்களுக்கு இரவு என்பது சத்தங்களின் கணக்கு. கேட்டின் கொக்கி, வண்டியின் ஸ்டாண்டு, பிறகு பூட்ஸ் நாடாவை அவிழ்க்கும் நேரத்து மௌனம், அதன்பின் வாளியில் தண்ணீர் விழும் ஓசை. இந்த வரிசை மாறாமல் கேட்டால் நான் கண்ணைத் திறக்கவே மாட்டேன். வரிசையில் ஒன்று தாமதித்தால் எழுந்துவிடுவேன். பூமிநாதன் அவர்களின் வீட்டிலும் அந்தக் காலையில் யாரோ ஒருவர் ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்திருப்பார்கள் என்பதுதான் எனக்கு முதலில் வந்த நினைப்பு. முதலமைச்சர் ஒரு கோடி ரூபாய் நிதியுதவியும் குடும்பத்தில் ஒருவருக்கு அரசு வேலையும் அறிவித்தார். அது சரியான செயல். "குடும்பம் செட்டில் ஆயிடுச்சு" என்று என் காதுபடவே பேருந்தில் ஒருவர் சொன்னபோது மட்டும் நான் இரண்டு நிறுத்தங்களுக்கு முன்பே இறங்கி நடந்தேன்.

*

காவலர், பெயரும் நிலையமும் வேண்டாம்:

நான் பணியில் சேர்ந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. நவல்பட்டில் ஒரு காவலர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே மத்திய அரசின் துப்பாக்கித் தொழிற்சாலையும் இருக்கிறது. ராணுவத்துக்கும் துணை ராணுவத்துக்கும் போகிற துப்பாக்கிகள் தயாராகும் ஊரிலிருந்து புறப்பட்டவர் கையில் துப்பாக்கி இல்லை என்பதை எங்கள் அணிவகுப்பு மைதானத்தில் அப்போது பலரும் முணுமுணுத்தார்கள்.

அந்தக் கொலைக்குப் பிறகு, அப்போதைய காவல்துறைத் தலைமை இயக்குநர் சைலேந்திரபாபு, இரவு ரோந்து செல்பவர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்றும், உயிருக்கு ஆபத்து வந்தால் தற்காப்புக்காகப் பயன்படுத்தத் தயங்கக் கூடாது என்றும் அறிவுறுத்தினார். நல்ல அறிவுரை. நடைமுறையைச் சொல்கிறேன். துப்பாக்கியை எடுக்கக் கையெழுத்து, தோட்டாவுக்குத் தனிக் கையெழுத்து, காலையில் ஒப்படைக்கும்போது எண்ணிப் பார்த்து மறுபடியும் கையெழுத்து. ஒரு தோட்டா குறைந்தால் வேலை போய்விடும் என்ற பயம் ஒருபுறம். சுட்டுவிட்டால் கோட்டாட்சியர் விசாரணை முதல் நீதிமன்றம் வரை ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டும் என்ற பயம் மறுபுறம். இவை தேவையில்லாத கட்டுப்பாடுகள் என்று நான் சொல்ல மாட்டேன். துப்பாக்கி எளிதாகக் கிளம்பும் காவல்துறை எப்படி இருக்கும் என்பதும் நமக்குத் தெரியும்.

என்னை உறுத்துவது வேறு. கைதானவர்களில் இருவர் சிறுவர்கள். பூமிநாதன் ஐயாவின் இடத்தில் நான் இருந்து, என் இடுப்பில் துப்பாக்கியும் இருந்திருந்தால், என் எதிரே நிற்பது மீசை முளைக்காத ஒரு பையன் என்று டார்ச் வெளிச்சத்தில் தெரிந்த பிறகு அதை எடுத்திருப்பேனா? எடுத்திருக்க மாட்டேன். என் தம்பி வயதுள்ள ஒருவனை இரண்டு தட்டுத் தட்டி, வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, "உங்க அப்பன் நம்பரைச் சொல்லுடா" என்றுதான் கேட்டிருப்பேன். நாங்கள் எல்லாரும் இப்படித்தான் செய்கிறோம். அதை ஏமாளித்தனம் என்று இன்று சொல்பவர்கள், இதே கையால் நாங்கள் ஒரு பையனைச் சுட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்கலாம்.

1959 அக்டோபர் 21 அன்று லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினர் தாக்கியதில் 10 காவலர்கள் இறந்தார்கள். அதனால்தான் ஆண்டுதோறும் அந்த நாளில் காவலர் வீரவணக்க நாள். முந்தைய ஆண்டு செப்டம்பர் முதல் அந்த ஆண்டு ஆகஸ்ட் வரை இந்தியா முழுவதும் பணியில் உயிர்நீத்தவர்களின் பெயர்களை அன்று வாசிப்பார்கள். எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் படை, சத்தீஸ்கர், காஷ்மீர் என்று நீளும் அந்தப் பட்டியலில் பாதிப் பெயர்களை எங்கள் ஊர் நாக்கு சரியாக உச்சரிப்பதில்லை. வெயிலில் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து நிற்பவர்களுக்கு, சொன்னால் தவறாக நினைக்காதீர்கள், அது எப்போது முடியும் என்றுதான் இருக்கும். 2022 இல் நானும் அப்படித்தான் நின்றேன். பூமிநாதன் என்ற பெயரைக் கேட்டபோது எங்கள் வரிசையில் ஒரு துப்பாக்கியின் வார் சற்றே ஆடியது. அடுத்த ஆண்டிலிருந்து நான் எல்லாப் பெயர்களையும் கவனித்துக் கேட்கிறேன். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் எந்த ஆட்டை விரட்டிப் போனார்களோ என்ற எண்ணம் வருகிறது.

*

முன்னாள் நிலைய எழுத்தர், திண்டுக்கல் மாவட்டம்:

தம்பி துப்பாக்கியைப் பற்றி எழுதியதில் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் துப்பாக்கியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதில் உடன்பாடு இல்லை. பதினெட்டு ஆண்டுகள் நிலையத்தில் ரைட்டராக இருந்து இரவுப் பணிப் பட்டியல் எழுதியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ரோந்துக்கு இரண்டு பேர் என்றுதான் பதிவேட்டில் எழுதுவோம். பிறகு ஒருவருக்கு மறுநாள் நீதிமன்றச் சாட்சி. ஒருவர் அமைச்சர் வருகை பந்தோபஸ்துக்குப் போய்விடுவார். ஒருவர் நிலையத்திலேயே பாரா காவலில் நிற்க வேண்டும். ஒருவர் கைதியைச் சிறைக்குக் கொண்டுபோயிருப்பார். பட்டியலில் இரண்டு பெயர் இருக்கும், சாலையில் ஒருவர் இருப்பார். இரண்டு பேருமே போனாலும் விரட்டும்போது இருட்டில் ஆளுக்கொரு பக்கம் பிரிய நேரும். மாவட்ட எல்லை தாண்டிவிட்டால் அடுத்த நிலையத்தாரைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும். அவர்கள் இடத்தைக் கண்டுபிடித்து வந்து சேர நேரமாகும். பூமிநாதனும் உதவி கேட்டு அழைத்திருந்தார் என்றும், ஆட்கள் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது என்றும்தான் செய்திகளில் படித்தோம்.

அண்மையில், 2025 ஆகஸ்டில், உடுமலைக்கு அருகில் குடிமங்கலம் சிறப்பு உதவி ஆய்வாளர் சண்முகவேல், ஒரு தோட்டத்தில் நடந்த குடும்பத் தகராறை விசாரிக்கப் போன இடத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தச் செய்தியைப் படித்ததும் என் பழைய பட்டியல்களெல்லாம் கண்முன் வந்தன. நான் எழுதிய பெயர்களில் யாருக்கும் அப்படி நேரவில்லை என்பது என் திறமை இல்லை. அதிர்ஷ்டம்.

முதலில் எழுதிய ஐயாவிடம் ஒரு கேள்வி. ரைட்டர் புத்தி, மன்னிக்கவும். அந்தச் செவலை ஆடு என்ன ஆயிற்று? வழக்குச் சொத்தை எப்படி உரியவரிடம் சேர்த்தீர்கள்?

*

ஓய்வுபெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர், தஞ்சாவூர் மாவட்டம்:

எல்லாருடைய பதிவுகளையும் இரண்டு முறை படித்தேன். ஆசிரியையின் தாயாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். செருப்பைப் பற்றி எழுதிய மகளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. என் மனைவியிடம் படித்துக் காட்டினேன், அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். இருமிய காவலர் ஓய்வுபெற்று மூன்றாம் ஆண்டில் நுரையீரல் நோயால் காலமானார் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

ரைட்டர் கேட்டதற்கு வருகிறேன். அன்று காலை ஏழு மணிக்கெல்லாம் செய்தி பரவி, ஆடு காணாமல்போனவர்கள் என்று ஆறேழு பேர் நிலைய வாசலில் கூடிவிட்டார்கள். செவலை என்றால் எல்லாருக்கும் செவலைதான். காதுவெட்டும் இல்லாத ஆடு. எங்கள் ரைட்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். கடைசியாக, மூன்று மைல் நடந்து ஒரு பாட்டி வந்தார். அவருக்குக் கண்பார்வை சரியில்லை. ஆடு எங்கே கட்டியிருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. வாசற்படியில் கையை ஊன்றி உட்கார்ந்து, "அடியே ராசாத்தி" என்று யாரையோ கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார். ஜீப்புக்குப் பின்னால் கட்டியிருந்த ஆடு, இரவு முழுவதும் ஒரு சத்தமும் போடாத ஆடு, கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தத் தொடங்கியது. மற்றவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கலைந்துபோனார்கள்.

நீதிமன்ற அனுமதி பெற்றுத்தான் பாட்டியிடம் ஒப்படைத்தோம். ஒப்புகைச் சீட்டில் சொத்தின் அடையாளம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று எங்கள் ரைட்டர் வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு, "உரிமையாளர் பெயர் சொல்லி அழைத்ததும் பதில் கொடுத்தது" என்று எழுதி, கீழே பாட்டியின் கைரேகையை வாங்கினார்.